கைக்கு ஏற்ற பிடி, சபைக்கு ஏற்ற சுருதி



இந்த வாரத் தியானத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கிட்டார் வாசிக்கிறவர்கள் வலது கை விரல்களுக்கிடையில் பிடிக்கும் ‘பிக்’ என்னும் சிறு தகட்டையும், இடது கை பற்றிக்கொள்ளும் ‘நெக்’ என்னும் கழுத்துப் பகுதியையும் குறித்து எழுதப்போகிறேன். நம் ஆராதனையில் கிட்டார் ஒலிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் ஓசையைக் கேட்கிறோம். அதை எழுப்புகிற கையை நாம் கவனிப்பதில்லை. அந்தக் கையைச் சற்று உற்றுப் பார்த்தால், எதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும், எதை அனைவரும் ஒருமனமாய்க் காத்துக்கொள்ள வேண்டும் என்னும் பாடம் கிடைக்கிறது. சபைகளில் எழும் மனக்கசப்புகளில் பெரும்பங்கு இவ்விரண்டையும் இடம் மாற்றி வைப்பதனால் வருகிறது என்பது என் ஊழியத்தில் நான் கண்ட உண்மை.

முதலாவது பிக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியதாய், மூன்று மூலைகளும் மழுங்கிய தகடு அது. முற்காலத்தில் அழுங்காமையின் ஓட்டிலிருந்து அதைச் செய்தார்கள். 1920களில் அமெரிக்காவில் செல்லுலாய்டு என்னும் செயற்கைப் பொருளில் செய்யத் தொடங்கினார்கள். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காக்க 1973இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்பின் ஆமை ஓட்டு வாணிபம் படிப்படியாகத் தடைப்பட்டது. இன்று நைலானும் பலவகைப் பிளாஸ்டிக்கும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. நம் வாலிபர்கள் பையில் வைத்திருக்கும் வண்ண வண்ணத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். டன்லப் நிறுவனத்தின் டார்டெக்ஸ் வகையில் நிறமே கனத்தைச் சொல்லிவிடும். சிவப்பு அரை மில்லிமீட்டர், ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1 மில்லிமீட்டர், ஊதா 1.14. சிவப்புக்கும் ஊதாவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் வாசிக்கிறவனுக்கு அது பெரிய வேறுபாடு. மெல்லிய தகடு கம்பியின்மேல் வளைந்து கொடுக்கும். ஆறு கம்பிகளையும் சேர்த்து வீசி வாசிக்கும்போது ஓசை மெலிதாய், மினுமினுப்பாய் வரும். கனத்த தகடு வளையாது. ஒவ்வொரு கம்பியாகத் தெளிவாய்ப் பேசவைக்கும், ஆனால் வீசி வாசிக்கும்போது கைக்கு அடங்காமல் முரடாய் ஒலிக்கக்கூடும். முனை கூராக இருந்தால் ஒலி வெட்டென்று வரும். உருண்டிருந்தால் கனிந்து வரும்.

இவற்றில் சிறந்தது எது என்று நான்கு கிட்டார் வாசிப்பவர்களைக் கேட்டால் ஐந்து பதில்கள் கிடைக்கும். இங்கிலாந்தின் பிரையன் மே என்பவர் பிளாஸ்டிக் தகட்டையே விட்டுவிட்டுப் பழைய ஆறு பென்னி நாணயத்தால் வாசிக்கிறார். அமெரிக்காவின் வெஸ் மாண்ட்கோமரி எதையும் பிடிக்காமல் கட்டைவிரலின் சதையினாலேயே வாசித்தார். அந்த மென்மையான ஒலியே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. நம் நாட்டில் மாண்டலின் ஸ்ரீநிவாஸை (1969–2014) நீங்கள் அறிவீர்கள். மாண்டலினில் வழக்கமாக நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள் உண்டு. கர்நாடக இசையின் கமகத்துக்கு இணைக் கம்பிகள் ஒத்துழைக்கவில்லை. அவர் ஐந்து தனிக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலினை அமைத்துக்கொண்டார். தன் இசைக்கு இசையாத கருவியைத் தன் கைக்கும் தன் இசைக்கும் இசைவித்தார். 

இனி கழுத்துப் பகுதிக்கு வருவோம். கிட்டாரின் நெக்கைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பின்புறத்தின் வளைவை ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு குறிப்பது வழக்கம். ‘சி’ என்றால் மிதமான உருண்டை. ‘டி’ என்றால் பின்புறம் சற்றுத் தட்டை. ‘யு’ என்றால் கனத்த, உள்ளங்கை நிறையும் பிடி. ‘வி’ என்றால் படகின் அடிப்பகுதியைப் போல நடுவில் ஒரு விளிம்பு. அகலமும் வேறுபடும். நைலான் நரம்பு பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரில் கழுத்தின் தலைப்பக்கம் சுமார் 52 மில்லிமீட்டர் அகலம். எஃகுக் கம்பி கிட்டாரில் பெரும்பாலும் 43 அல்லது 44. ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் ஒரு பாட்டுக்குள் தடுமாறிப்போகும்.

முதலில் எஃகுக் கம்பி கிட்டார்களின் கழுத்து பெரும்பாலும் தடித்தே இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. எஃகுக் கம்பிகளை முறுக்கேற்றும்போது ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 70 கிலோ. தடித்த மரமாக இல்லாவிட்டால் கழுத்து வளைந்துவிடும். 1920களில் கிப்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த தாடியஸ் மெக்ஹியூ என்பவர், கழுத்தின் உள்ளே திருகி இறுக்கக்கூடிய எஃகுக் கம்பி ஒன்றைப் பொருத்தும் முறைக்கு உரிமை பெற்றார். ‘ட்ரஸ் ராட்’ என்று அதற்குப் பெயர். உள்ளே மறைந்திருக்கும் அந்த எஃகு பாரத்தைத் தாங்கியதனால் வெளியே மரத்தை மெலிதாக்க முடிந்தது; அவரவர் கைக்கு ஏற்ற வடிவில் செதுக்கவும் முடிந்தது. உள்ளே உறுதி இருந்தபோது வெளியே வடிவம் பலவாக இடம் கிடைத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இங்கே ஓர் எச்சரிப்பும் உண்டு. சிறிய கைக்கு மெல்லிய கழுத்து, பெரிய கைக்குத் தடித்த கழுத்து என்று பார்த்தமாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும். அது எப்போதும் சரியாவதில்லை. மெல்லிய கழுத்தைப் பிடிக்கும்போது கட்டைவிரல் அதிகமாய் இறுக்கி வலி கண்டு, சற்றுத் தடித்த கழுத்துக்கு மாறி ஆறுதல் பெற்ற சிறு கைக்காரர்கள் உண்டு. இறையியல் கல்லூரி விடுதியில் நான் கிட்டார் பழகியபோது, அங்கிருந்த ஒரே கருவி அகன்ற கழுத்துடைய கிளாசிக்கல் கிட்டார். என் அறைத்தோழரின் விரல்கள் என் விரல்களைவிடக் குட்டையானவை. ஆனாலும் அந்தக் கருவி அவருக்கு எளிதாகவும் எனக்குக் கடினமாகவும் இருந்தது. வெளியே நின்று பார்க்கிறவன் அளவைச் சொல்லலாம். வலி எங்கே என்பதைக் கைக்குரியவனே அறிவான்.

இது கிட்டாருக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் களை எடுக்கும் நம் தாய்மாரைக் கேளுங்கள். பத்துக் களைக்கொத்திகளை ஒன்றாகக் குவித்து வைத்தாலும் தன்னுடையதை ஒருவர் பிடியைத் தொட்டே சொல்லிவிடுவார். அந்தப் பிடி அவர் உள்ளங்கையில் ஆண்டுக்கணக்காய்த் தேய்ந்து அவருக்கென்று வழவழத்திருக்கும். பக்கத்து வரிசையில் இருப்பவரின் கொத்தியை வாங்கி வெட்டினால் மாலைக்குள் கை கொப்பளித்துவிடும். இருவரும் எடுப்பது ஒரே காட்டின் களையைத்தான்.

வேதத்துக்கு வருவோம். தகட்டினால் வாசிப்பதா, விரலினால் வாசிப்பதா என்னும் கேள்வி நாம் நினைப்பதைவிடப் பழையது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, தாவீது லேவியருக்காகச் செய்வித்த இசைக்கருவிகளை விவரிக்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் சுரமண்டலம் என்று வழங்கும் கருவிக்குப் பத்து நரம்புகள் என்றும், அது மீட்டுகோலினால் வாசிக்கப்பட்டது என்றும் அவர் எழுதுகிறார். தம்புரு என்று வழங்கும் கருவியோ விரல்களினால் வாசிக்கப்பட்டது என்கிறார். சவுலின் கலக்கத்தை ஆற்றும்படி தாவீது வாசித்ததைச் சொல்லும் 1 சாமுவேல் 16ஆம் அதிகாரத்தில், அவன் சுரமண்டலத்தைத் தன் கையினால் வாசித்ததாகவே காண்கிறோம். கருவி ஒன்று, பிற்காலத்தில் மீட்டுகோல் பெயர் பெற்றது, தாவீதின் கதையில் கை பெயர் பெற்றிருக்கிறது. 1 நாளாகமம் 15ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்தபோது தம்புருக்காரர் எட்டுப் பேருக்கு ஒரு பண்ணும் சுரமண்டலக்காரர் ஆறு பேருக்கு வேறொரு பண்ணும் குறிக்கப்படுகிறது. இரு வகுப்பாரும் ஒரே பெட்டிக்கு முன்பாக, ஒரே தேவனுக்கு வாசித்தார்கள். மீட்டுகோல்காரரும் விரல்காரரும் ஒருவரையொருவர் மாற்ற முயன்றதாக அங்கே ஒரு வரியும் இல்லை.

நம் சபையில் நடந்த ஒன்றை, சம்பந்தப்பட்ட இருவருடைய அனுமதியோடும் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம். நம் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர்கள் இருவர். மூத்தவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்கிறவர், ஐம்பதை நெருங்குகிறவர். விரல் நுனிகள் கல்லாய் இறுகியவை. கனத்த கழுத்துடைய பழைய கிட்டாரைக் கட்டைவிரலினால் வாசிப்பார். இளையவர் பெரம்பலூரில் பொறியியல் படிக்கும் வாலிபர். மெல்லிய கழுத்து, மஞ்சள் தகடு. ஈஸ்டர் ஆராதனைக்கான பயிற்சியில், இருவருடைய ஒலியும் ஒன்றாக இருக்கவேண்டும், ஆகையால் இருவரும் ஒரே வகைத் தகட்டையே பிடிக்கவேண்டும் என்று குழுவில் சிலர் தீர்மானித்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஒருமை வேண்டும் என்ற ஆசைதான். மூத்தவர் முயன்றார். இரண்டாம் பாட்டில் தகடு அவர் விரலிலிருந்து நழுவிக் கிட்டாரின் துளைக்குள் விழுந்துவிட்டது. கருவியைத் தலைகீழாய்ப் பிடித்து அவர் உலுக்கியபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் கிட்டாரை உறையில் வைத்தார். அடுத்த நான்கு ஞாயிறும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்தார். வேலை, மகளின் படிப்பு, மழை எல்லாம் பேசினோம். பிறகு அவராகவே சொன்னார்: “ஐயா, அந்தத் தகடு என் கையில நிக்கமாட்டேங்குது. என் விரலுக்கு அது இருக்குறதே தெரியல. நான் இனிமே பாட்டு மட்டும் பாடிக்கிறேன்.” கோபம் இல்லாத குரல். கோபமாயிருந்தால்கூட எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். இருபது ஆண்டு தன் வேலைக்களைப்போடு வந்து கர்த்தருக்கு வாசித்த கை, ஒரு சிறு தகட்டின் பொருட்டு ஓய்ந்துபோகப் பார்த்தது.

அடுத்த வாரம் அந்த வாலிபர் யாரும் சொல்லாமல் அவரைத் தேடிப் போயிருக்கிறார். “அண்ணே, உங்க கிட்டாரைக் கொஞ்சம் கொடுங்க” என்று வாங்கி வாசித்துப் பார்த்திருக்கிறார். மூன்றாம் பாட்டுக்குள் இடது கை மணிக்கட்டு வலித்துவிட்டது. “இந்தக் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு எப்படிண்ணே ரெண்டு மணி நேரம் வாசிக்கிறீங்க?” என்று கேட்டாராம். மூத்தவர் வாலிபருடைய கிட்டாரை வாங்கிப் பார்த்துவிட்டு, “விறகுக்குச்சியைப் பிடிச்ச மாதிரி இருக்குது தம்பி. கை எங்க ஒக்காருறதுன்னே தெரியல” என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பில் இருவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. இன்று மெதுவான பாடல்களில் மூத்தவருடைய கட்டைவிரல் தாழ்ந்த கம்பிகளில் நடக்கிறது. வாலிபருடைய தகடு அதன்மேல் மெலிதாய் வீசுகிறது. இரண்டும் ஒரே ஒலி அல்ல. அதனால்தான் இரண்டும் நம் காதுக்குக் கேட்கிறது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. எலிசபெத் காட்டன் என்னும் கறுப்பினச் சகோதரியின் கதையைக் கேளுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1890களில் பிறந்தவர். இடது கைப் பழக்கமுடையவர். வலது கைக்காரருக்காகக் கம்பி பூட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்துத் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஆகையால் மற்றவர் விரலால் வாசிக்கும் இராகத்தை அவர் கட்டைவிரல் வாசித்தது. மற்றவர் கட்டைவிரலால் அடிக்கும் தாழ்ந்த கம்பிகளை அவர் விரல்கள் அடித்தன. சிறுமியாயிருக்கும்போதே தாமாகப் பாடல் இயற்றினார். வாலிப வயதில் சபையில் சேர்ந்தபோது, உலகத்துக்குரிய பாடல்களை விட்டுவிடும்படி சபையார் அறிவுறுத்தினார்கள். திருமணமும் குடும்பப் பாரமும் உடன்சேர, கிட்டாரை ஏறக்குறைய முழுவதுமாக விட்டுவிட்டார். பல பத்தாண்டுகள் கழிந்தன. வயது முதிர்ந்தபின் சீகர் என்னும் இசைக் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்யும்போது, அங்கே சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து மறுபடியும் வாசித்தார். அதன்பின்னரே உலகம் அவரைக் கேட்டது. 1958இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1985இல், 90 வயதை ஒட்டிய நாட்களில் கிராமி விருது பெற்றார். அவர் தலைகீழாய் வாசித்த முறைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. அதைப் படித்துப் பழகுகிறவர்கள் உண்டு.

கர்த்தர் அவரைக் கைவிடவில்லை என்பது உண்மை. ஆனால் இடையிலே போன அந்தப் பத்தாண்டுகளை எண்ணிப் பார்க்கிறேன். அந்தச் சபையின் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கை ஒலிக்கவில்லை. அது அவருக்கு மட்டுமா இழப்பு? சபைக்கும் இழப்பு அல்லவா? இடது கைக்காரர் வேதத்துக்குப் புதியவர் அல்லர். நியாயாதிபதிகள் 3ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலை விடுவிக்க எழுப்பப்பட்ட ஏகூத் இடது கைப் பழக்கமுடையவன். 20ஆம் அதிகாரத்தில் குறி தவறாமல் கவண் எறியும் 700 இடது கைக்காரரைக் காண்கிறோம். வலது கையின் மகன் என்று பொருள்படும் பென்யமீனின் கோத்திரத்திலேயே அவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

கவண் என்றதும் தாவீது நினைவுக்கு வருகிறான். 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தில் சவுல் தன் சொந்தப் போராயுதங்களை அவனுக்கு அணிவிக்கிறான். அதில் பகைமை இல்லை. ராஜாவின் கவசம்; தேசத்திலேயே சிறந்தது; கொடுத்தவனும் நல்லெண்ணத்தோடு கொடுத்தான். தாவீது நடந்து பார்க்கிறான். பழக்கமில்லாததனால் அவற்றைக் களைந்துவிடுகிறான். தன் தடியையும் கவணையும் ஆற்றிலுள்ள ஐந்து கூழாங்கற்களையும் எடுத்துக்கொள்கிறான். அவன் ஒருபோதும் சவுலின் கவசம் தவறானது என்று சொல்லவில்லை. தனக்கு அது பழக்கமில்லை என்றே சொன்னான். நமக்கு இந்த நிதானம் வேண்டும். எனக்குப் பொருந்தாதது எல்லோருக்கும் தவறு என்று எண்ணுவது ஒரு பிழை. எனக்குப் பொருந்தியது எல்லோருக்கும் பொருந்தவேண்டும் என்று எண்ணுவது மற்றொன்று.

அப்படியானால் அவரவர் விருப்பம்போல் எதையும் செய்யலாமா? இங்கேதான் சுருதி வருகிறது. தகடு எதுவாயிருந்தாலும், கழுத்து எவ்வடிவாயிருந்தாலும், ஆராதனைக்கு முன்பு இரு கிட்டார்களும் ஒரே சுருதிக்குக் கூட்டப்படவேண்டும். ‘ஏ’ என்னும் சுரம் வினாடிக்கு 440 அதிர்வுகள் என்று 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் பரிந்துரைத்தார்கள். இன்று நம் வாலிபர்களின் கைப்பேசியிலுள்ள ட்யூனரும் வழக்கமாக அந்த அளவையே காட்டுகிறது. அதில் எவருக்கும் தனி விருப்பம் கிடையாது. என் கிட்டார் 440, உன் கிட்டார் 450 என்று இருவர் பிடிவாதமாயிருந்தால், எவ்வளவு உயர்ந்த கருவியாயிருந்தாலும் கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். நம் பக்கத்துத் தஞ்சாவூரில் வாழ்ந்த கிறிஸ்தவ இசை அறிஞர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), சுருதிகளின் கணக்கை ஆராய்வதற்குத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூல் அதன் பலன். வைத்தியராய்ப் பொருள் ஈட்டிய அம்மனிதர் சுருதிக்காக இத்தனை பிரயாசப்பட்டதேன்? அது சரியாயிருந்தால்தான் மற்ற வேறுபாடுகள் அழகாகும் என்பதை அறிந்திருந்தார் என்றே எண்ணுகிறேன்.

நம் சுருதி எது என்று நாம் அறிவோம். இயேசு கிறிஸ்துவே கர்த்தர், அவர் மரித்து உயிர்த்தெழுந்தார், மனந்திரும்புதல் வேண்டும், உண்மை பேசவேண்டும், அயலானை நேசிக்கவேண்டும், பரிசுத்தமாய் வாழவேண்டும். இவற்றில் அவரவர் தகடு என்பது இல்லை. பொய் சொல்வது என் கைக்கு ஏற்ற பிடி என்று ஒருவர் சொல்லமுடியாது. மருமகளைக் கடிந்து நடத்துவது என் வீட்டு வழக்கம் என்று ஒருவர் சொல்லமுடியாது. அது சுருதி பிசகிய கம்பி. அதைக் கூட்டித்தான் ஆகவேண்டும். நான் முன்பு சொன்ன ட்ரஸ் ராடை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அந்த எஃகு உறுதியாயிருந்தால் வெளி வடிவம் பலவாகலாம். உள்ளே எஃகு இல்லாத சபைதான் வெளி வடிவம் ஒன்றேயாகவேண்டும் என்று கலங்கும்.

ஆனால் வெளி வடிவங்களைப் பாருங்கள். ஒருவர் விடியற்காலை நான்கு மணிக்கு முழங்காலில் ஜெபிக்கிறார். சிமெண்ட் ஆலையில் இரவு வேலை முடித்து வரும் சகோதரர் பேருந்தில் கண்மூடி ஜெபிக்கிறார். ஒருவர் பழைய தோல் அட்டை வேதாகமத்தில் வாசிக்கிறார். கண் மங்கிய பாட்டியம்மா பேரன் கைப்பேசியில் ஓடவிடும் ஒலி வேதாகமத்தைக் கேட்கிறார். ஒருவர் கைதட்டித் துதிக்கிறார். ஒருவர் கண்ணீரோடு மௌனமாய் நிற்கிறார். இவர்களில் யார் ஆவிக்குரியவர் என்று தீர்ப்புச் செய்ய நமக்கு அதிகாரம் ஏது? ரோமர் 14ஆம் அதிகாரத்தில் உணவையும் நாட்களையும் குறித்து எழும் வேறுபாடுகளில் பவுல் இதையே நமக்குக் கற்பிக்கிறார். அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கவேண்டும். மற்றவனைத் தள்ளாமலும் இருக்கவேண்டும்.

அதே அதிகாரம் மற்றொரு பக்கத்தையும் காட்டுகிறது. என் சுதந்தரம் என் சகோதரனை இடறச் செய்யுமானால் அன்பு அதைச் சுருக்கிக்கொள்ளும். நம் வாலிபர் ஒரு ஞாயிறு புதிதாக வாங்கிய கனத்த ஊதாத் தகட்டோடு வந்தார். அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் முன்வரிசையிலிருந்த வயது சென்ற தாய்மாரின் குரல் அந்த ஓசையில் அமிழ்ந்துபோனது. ஆராதனை முடிந்ததும் ஒரு தாயார், “தம்பி, இன்னைக்கு நான் பாடுனது எனக்கே கேக்கல” என்று சிரித்தபடி சொன்னார். அடுத்த வாரம் மறுபடியும் மஞ்சள் தகடு. எவரும் சட்டம் போடவில்லை. அவர் கையின் விருப்பத்தை அவர் விட்டுக்கொடுத்தது, மூத்தவர்மேல் தகட்டைத் திணித்ததற்கு நேர்மாறானது. ஒன்று பிறர் கையை வற்புறுத்தியது. மற்றது தன் கையை அன்பினாலே தாழ்த்தியது. விட்டுக்கொடுத்தல் கொடுக்கிறவனிடத்திலிருந்து வரும்போதுதான் அது காணிக்கையாகிறது.

ஆகையால் அன்பானவர்களே, இந்த வாரம் ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ, சபையிலோ யாரைக் குறித்தாவது உங்களுக்கு மனத்தாங்கல் உண்டானால், அதை எடுத்து வைத்துக்கொண்டு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது அவருடைய சுருதியைப் பற்றியதா, அவருடைய பிடியைப் பற்றியதா? சுருதி பிசகியிருந்தால் தனியே போய், தாழ்மையோடு, அன்போடு பேசுங்கள். முன்னதாக உங்கள் கம்பியையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். பிடியைப் பற்றியதானால் விட்டுவிடுங்கள். விடுவது கடினமாயிருந்தால், அந்த வாலிபர் செய்ததுபோல் ஒருமுறை அவருடைய கருவியை வாங்கிப் பிடித்துப் பாருங்கள். அவர் வேலை நேரத்தை, அவர் வீட்டுப் பாரத்தை, அவர் கையின் காய்ப்பை அறிந்துகொள்ளுங்கள். மணிக்கட்டு வலிக்கும்போது பல தீர்ப்புகள் தாமாகவே அடங்கிவிடும்.

கடைசி வரிசையில் கிட்டாரை உறையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையை உண்டாக்கினவர் கர்த்தர். அதன் அளவை அவர் அறிவார். யாரோ ஒருவருடைய தகடு உங்கள் விரலில் நிற்கவில்லை என்பதற்காக உங்கள் ஊழியம் முடிந்துபோகவில்லை. வாருங்கள். சுருதி கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்தபடி வாசியுங்கள்.

ஜெபிப்போம். எங்கள் கைகளை வெவ்வேறாய் வனைந்த பிதாவே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் பிடியை உமது சத்தியமென்று பிறர்மேல் சுமத்தாதபடி எங்களைக் காத்தருளும். உமது சத்தியத்தை எங்கள் விருப்பமென்று தளர்த்தாதபடியும் எங்களைக் காத்தருளும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் உம்மைத் தேடுகிற எல்லாக் கைகளையும் ஒரே சுருதியில் கூட்டியருளும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.